ஒற்றைத் தலைவலிக்குப் போடும் ஊசியால் முடி கொட்டுமா?

கேள்வி: கணக்கு டீச்சர் (மஞ்சக்குப்பம், கடலூர்)
2025 ஏப்ரல் 20

வணக்கம். நேராகக் கேட்டுவிடுகிறேன். தலைவலிக்காகப் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு முடி கொட்டுமா, கொட்டாதா? "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு..." என்று தொடங்கும் பதில்கள் என் நாத்தனாரிடமே வேண்டிய அளவு கிடைக்கின்றன. அனுபவப்பட்டவர்களும் விவரம் தெரிந்தவர்களும் சொன்னால் போதும்.

வயது நாற்பத்து மூன்று. உதவிபெறும் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒற்றைத் தலைவலி கல்லூரி நாட்களிலேயே ஒட்டிக்கொண்டது. கடந்த சில ஆண்டுகளாக மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் வலி. மதிய வெயிலில் ஜன்னலோரம் நின்று பாடம் நடத்த முடியாமல், மாணவர்களை இருக்கை மாற்றி உட்காரவைத்து, நான் இருட்டு மூலைக்குப் போய்விடுவேன். மாத்திரைகள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு நரம்பியல் மருத்துவர் போடாக்ஸைப் பரிந்துரைத்தார். நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில் சின்னச் சின்ன ஊசி, மொத்தம் 155 யூனிட். 12 வாரத்துக்கு ஒரு முறை. முதல் தடவை 2024 செப்டம்பர், அடுத்தது டிசம்பர், மூன்றாவது மார்ச் தொடக்கம்.

தலைவலி நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் மார்ச் நடுவிலிருந்து முடி கொத்துக் கொத்தாக வருகிறது. குளியலறை வடிகால் அடைத்துக்கொள்கிறது. திருத்திய விடைத்தாள் கட்டுக்குள் என் முடி கிடக்கிறது. போன வாரம் ஒரு மாணவி எழுந்து வந்து என் தோளிலிருந்து முடியை எடுத்துப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள்.

நாத்தனார்: "மண்டையில் விஷத்தை ஏற்றினால் முடி எப்படி நிற்கும் அண்ணி?" மாமியார்: போர் தண்ணீர் உப்பு. கணவர்: ஷாம்பு. எல்லோரிடமும் விடை இருக்கிறது, ஒருவரும் வழிமுறை எழுதவில்லை. வழிமுறை இல்லாத விடைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

அடுத்த ஊசிக்கு மே கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஆகிற செலவு எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. போட்டுக்கொள்வதா, விடுவதா?


பதில்: முதலியார்பேட்டை சைக்கிள்காரன் (புதுச்சேரி)
2025 ஏப்ரல் 20

மேடம், நான் 2019 முதல் இதே 31 குத்துக்காரன். என் தலையில் முடி இல்லைதான். ஆனால் அது முப்பது வயதிலேயே, என் அப்பாவின் தலையைப் பார்த்து, தானாகப் போய்விட்டது. ஆகவே ஊசியைக் குற்றம் சாட்டவும் முடியாத, விடுவிக்கவும் முடியாத சாட்சி நான்.

ஆனால் மருந்தோடு வரும் மடித்த தாளை முழுக்கப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தலைவலிக்கான ஆய்வுகளில் கழுத்துவலி நூற்றுக்கு ஒன்பது பேருக்கு, கண்ணிமை தொங்குவது நான்கு பேருக்கு என்று போட்டிருக்கிறது. இரண்டையும் நான் பட்டுவிட்டேன். இமை இறங்கியிருந்த நாட்களில் கடைத்தெருவில் பழைய நண்பர் ஒருவர் "என்னப்பா, காலையிலேயேவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சில வாரங்களில் சரியாகிவிட்டது.

முடி உதிர்தல் அந்த அட்டவணையில் இல்லை. ஆனால் கீழே, மருந்து விற்பனைக்கு வந்த பிறகு மக்களும் மருத்துவர்களும் தெரிவித்தவை என்று தனிப் பகுதி இருக்கிறது. அங்கே முடி உதிர்தல் இருக்கிறது, புருவமும் இமை மயிரும் உதிர்வது உட்பட. அந்தப் பகுதியில் வருகிறவற்றுக்கு எத்தனை பேரில் ஒருவர் என்று சொல்ல முடியாது. மருந்துதான் காரணம் என்று உறுதியும் இல்லை. யாரோ சொன்னார்கள், குறித்துக்கொண்டார்கள், அவ்வளவு. எனவே "கொட்டவே கொட்டாது" என்று யாராவது சத்தியம் செய்தால் அவர் தாளைப் படிக்கவில்லை.

இன்னொன்று கேளுங்கள். 2010இல் இதே மருந்தை வழுக்கை விழும் ஆண்களின் தலையில் 150 யூனிட் போட்டு, முடி வளர்கிறதா என்றே சோதித்திருக்கிறார்கள். சிறிய சோதனைதான், ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழுவும் கிடையாது. ஆனாலும் முடியின் எண்ணிக்கை கூடியதாகத்தான் எழுதினார்கள். என் மருத்துவரிடம் ஆசையாகக் கேட்டேன். என் தலையைப் பார்த்தார், பேச்சை மாற்றினார்.


பதில்: பழைய மருந்தாளுநர் (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)
2025 ஏப்ரல் 21

அம்மா, முப்பது வருடத்துக்கு மேல் மருந்துக்கடையில் நின்றவன். நீங்கள் ஊசியைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தலைவலிக்காரர் எவரும் ஊசியோடு மட்டும் இருப்பதில்லை என்பது என் அனுபவம். கூடவே என்ன மாத்திரை?

ஏன் கேட்கிறேன் என்றால், தலைவலி வராமல் தடுக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் முடியைத் தொடுகிறவை உண்டு. முதலில் வருவது வால்ப்ரோயேட்; சீட்டில் டைவால்ப்ரோயெக்ஸ் என்றும் எழுதுவார்கள். வலிப்புக்கும் இதுதான், ஒற்றைத் தலைவலிக்கும் இதுதான். இதனால் முடி உதிர்வது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம், ஊசியைப் போலச் சந்தேகக் கேஸ் அல்ல. அளவு கூடக் கூட உதிர்வதும் கூடும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். சிலருக்கு நேராக இருந்த முடி சுருட்டையாகத் திரும்பி வரும். டோபிரமேட் பசியைக் குறைத்து உடம்பை இளைக்க வைக்கும். வேகமாக இளைத்தாலே முடி கொட்டும். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் இவற்றாலும் அபூர்வமாக உண்டு. (இதைப் படிக்கும் இளம்பெண்களுக்கு: வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். கல்யாணமோ குழந்தையோ யோசனையில் இருந்தால் சீட்டு எழுதுகிறவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.)

இரண்டாவது, எந்த ஊசி? "தலைவலி ஊசி" என்று நம் ஊரில் சொல்வதில் நாலு வகை இருக்கிறது. நீங்கள் சொல்லும் போடாக்ஸ் ஒன்று. மாதம் ஒரு முறை வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளும் புதிய வகை ஒன்று. அதில் எரெனுமாப் என்பது 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முடி உதிர்ந்ததாகத் தகவல்கள் வந்து பிறகு அதன் தாளிலும் சேர்த்திருக்கிறார்கள். வலி வந்த நேரத்தில் போடும் சுமாட்ரிப்டான் ஒன்று. அதற்கும் முடிக்கும் வழக்கு இல்லை. நாலாவது, பின்மண்டை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி. அதில் மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டும் கலப்பது உண்டு. அதைப் போட்ட இடத்தில் மட்டும் தோல் மெலிந்து, முடி வட்டமாகப் போவது உண்டு.

மூன்றாவது, எங்கே கொட்டுகிறது? நெற்றியோரமா, குத்திய இடங்களிலா, தலை முழுக்கவா? விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளைப் புள்ளி இருந்தால் வேரிலிருந்து வந்தது. இல்லாவிட்டால் நடுவில் ஒடிந்தது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், ஒடிக்கும், வேரைப் பிடுங்காது. உங்கள் மாமியார் கட்சியின் பலம் அங்கே தெரிந்துவிடும்.

நாலாவது கேள்விதான் எனக்கு முக்கியம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து போன அந்த டிசம்பரில், உங்களுக்குக் காய்ச்சல் வந்ததா? கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி போன்ற டயட் எதுவானாலும், அது நடக்கும்போது முடி கொட்டாது. இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் கொட்டும். அதிர்ச்சியில் நிறைய முடி ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வு முடிய ஏறத்தாழ மூன்று மாதம். கரண்ட் பில் மாதிரி: எரித்தது அப்போது, கட்டுவது இப்போது. கொட்டுகிற வாரத்தில் என்ன புதிதாகச் செய்தோம் என்று தேடுகிறவர்கள் ஷாம்புவையும் ஊசியையும் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஜனவரி, டிசம்பரைப் பாருங்கள்.

மாத்திரை எதையும் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.


பதில்: கணக்கு டீச்சர்
2025 ஏப்ரல் 22

ஐயா, இதுதான் வழிமுறை. வரிசையாகச் சொல்கிறேன்.

மாத்திரை: டைவால்ப்ரோயெக்ஸ்தான். நீங்கள் எழுதிய பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அக்டோபரில் தொடங்கியது, ஜனவரியில் இரட்டிப்பாக்கினார்கள். ஊசி பெரிய விஷயம், மாத்திரை கூட்டத்தில் ஒன்று என்று நினைத்ததால் முதலில் எழுதவில்லை.

காய்ச்சல்: வந்தது. செம்மண்டலத்தில் அம்மா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, நாங்கள் எல்லோரும் போய்ச் சேறு வாரினோம். அதன்பின் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் படுக்கை. டெங்கு இல்லை என்றார்கள், என்ன என்று சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஆக டிசம்பர் கடைசி, மார்ச் நடு. கழித்தல் சரியாகத்தான் வருகிறது.

இடம்: தலை முழுக்க. வகிடு அகலமாகிவிட்டது. நெற்றியோரம் அப்படியே இருக்கிறது. விழுகிற முடியில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. மாமியாரிடம் காட்டினேன். "இப்போதெல்லாம் தண்ணீரே அப்படித்தான்" என்றார்.

ஆனால் பின்மண்டையில் வலது பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம், அது தனியாக இருக்கிறது. பின்னல் போடும்போது மகள் கண்டுபிடித்தாள். நீங்கள் நாலாவது வகை ஊசி என்று எழுதியதும்தான் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் வலி தாங்காமல், புதுச்சேரி வரை பஸ்ஸில் போகத் தெம்பில்லாமல், இங்கேயே ஒரு மருத்துவமனையில் பின்மண்டையில் ஊசி போட்டார்கள். "நரம்புக்கு ஊசி, இரண்டு நாளில் விடும்" என்றார்கள். விட்டது. அதில் என்ன மருந்து என்று சீட்டில் இல்லை. கேட்டதற்கு "நல்ல மருந்துதான் மேடம்" என்று பதில் வந்தது. என் மாணவன் விடைத்தாளில் "நல்ல விடைதான்" என்று எழுதினால் நான் என்ன செய்வேன்?


பதில்: கல்யாண அலங்காரம் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)
2025 ஏப்ரல் 23

அக்கா, நான் மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாதவள், மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ஆனால் நாள் முழுவதும் பிறர் நெற்றியையும் முன்முடியையும் அருகிலிருந்து பார்க்கிறவள் என்பதால் ஒரு வார்த்தை.

அழகுக்காக நெற்றியில் போடாக்ஸ் போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது இங்கே நிறைய. பெண்ணின் அம்மாக்களே அதிகம், ரிசப்ஷன் போட்டோவுக்காக. ஒரு வாடிக்கையாளர் பல வருடமாகத் தொடர்ந்து போடுகிறவர், அவருடைய முன்முடி ஒரு விரல் பின்னால் போயிருந்தது. என் கைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டே நாட்களை ஓட்டினார். பிறகு தோல் மருத்துவரைப் பார்த்தபோது, நெற்றிச் சுருக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் இந்த ஊசி போட்ட சில பெண்களுக்கு முன்முடி பின்வாங்கியதாக மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னாராம். ஆனால் அதே இடத்தில் முடியை அழித்துத் தழும்பாக்கும் வேறொரு நோயும் வருமாம், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. கூடவே புருவமும் போகும். இவருக்குச் சோதித்ததில் அந்த நோய்தான். ஊசி என்று நினைத்துக்கொண்டே இரண்டு வருடம் போய்விட்டது, அந்த இடத்து முடி இனி வராது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் நெற்றியோரமும் புருவமும் சேர்ந்து மெலிகிறவர்கள் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சலூனில் "ஹேர் போடாக்ஸ்" என்று ஒன்று விற்கிறோம். நானும் விற்கிறேன். அதில் போடாக்ஸ் ஒரு சொட்டுக் கிடையாது, ஊசியும் கிடையாது. முடியைப் பளபளப்பாக்கும் பூச்சு, மேலே சூட்டு இரும்பு. முடி ஒடிந்தால் அந்தச் சூட்டில் ஒடியும். ஆனால் "போடாக்ஸ் போட்டேன், முடி கொட்டிவிட்டது" என்று வெளியே சொல்கிறவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள். உங்கள் நாத்தனாருக்குத் தெரிந்த அந்த ஒருவரும் இவராக இருக்கலாம்!

நெற்றிப்பொட்டில் குழி நிரப்ப ஃபில்லர் என்று போடுவது வேறு ஊசி. அது தவறி ரத்தக் குழாயை அடைத்துவிட்டால் அந்தப் பக்கத்துத் தோலும் முடியும் போகும். போட்டதும் தாங்க முடியாத வலி, தோல் வெளுப்பது என்றால் அன்றைக்கே ஓட வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.


பதில்: பழைய மருந்தாளுநர்
2025 ஏப்ரல் 23

டீச்சரம்மா, அந்த நாணய வட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோல் லேசாகப் பள்ளமாக, வெளிறி இருந்தால் ஸ்டீராய்டின் வேலை என்று நினைக்கலாம். மாதக்கணக்கில் ஆனாலும் பெரும்பாலும் சரியாகும். பள்ளம் இல்லாமல் வழவழவென்று இருந்தால் புழுவெட்டு என்று நம் ஆட்கள் சொல்வது. அதற்கு வைத்தியம் வேறு. வெங்காயம் தேய்ப்பதற்கு முன் காட்டிவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவு) தைராய்டும் சேர்க்கச் சொல்லுங்கள். முடிக்கு என்று பயோட்டின் மாத்திரையோ மிட்டாயோ சாப்பிடுகிறீர்களா? இருந்தால் ஆய்வகத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது தைராய்டு முடிவைப் பொய்யாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை வாங்க வந்தவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன்.


பதில்: முதலியார்பேட்டை சைக்கிள்காரன்
2025 ஏப்ரல் 23

மேடம், நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது தலைவலி நாட்குறிப்பையும் எடுத்துப் போங்கள். மாதம் பதினைந்து நாளுக்குக் குறையாமல் தலைவலி, அதில் எட்டு நாளாவது ஒற்றைத் தலைவலி, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் என்றால்தான் இந்த ஊசிக்கே கணக்கு. இப்போது குறைந்திருக்கிறது என்றால் மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று கேட்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தக் குறிப்புதான். ஊசியை நிறுத்துவதை விட மாத்திரையைக் குறைப்பது எளிது. ஊசியின் வேலை எப்படியும் மூன்று மாதத்தில் தானாக இறங்கிவிடும். நரம்பு நுனியில்தான் அது உட்காருகிறது, உடம்பு முழுக்கச் சுற்றி முடிவேரைத் தேடிக்கொண்டு போவதில்லை. "விஷம்" என்று சொல்லும் உறவினர்களிடம் இதையெல்லாம் விளக்க வேண்டாம். நான் விளக்கிப் பார்த்தேன், எனக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள்.


பதில்: கணக்கு டீச்சர்
2025 ஜூலை 13

பலர் தனியாகக் கேட்டதால் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் தோல் மருத்துவர் பார்த்தார். தலையில் நாலு இடத்தில் ஒரு கற்றை முடியைப் பிடித்து மெதுவாக இழுத்து, கையில் வந்ததை எண்ணினார். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் வேர்களைப் பார்த்தார். காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வு, மேலே இரும்புச்சத்துக் குறைவு. ஃபெரிட்டின் 11. தைராய்டு சரி. மாத்திரைக்கும் பங்கு உண்டா என்றேன். "உண்டு, ஆனால் எவ்வளவு என்று பிரித்துத் தர முடியாது" என்றார். மூன்று மாறிகள், ஒரே ஒரு சமன்பாடு. தீர்வு வராது என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். தலை முழுக்கப் பரவலாக இப்படிக் கொட்டுவதற்கு ஊசியைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை என்றார். ஊசியால் என்றால் குத்திய இடத்தையோ புருவத்தையோ பார்க்க வேண்டுமாம். என் புருவம் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

வட்டம் ஸ்டீராய்டுதான். தோல் லேசாகக் குழிந்திருந்தது. அந்த மருத்துவமனைக்கு மறுபடி போய், போட்ட மருந்தின் பெயரை எழுதி வாங்கினேன். அரை மணி நேரம் நின்றேன், ஆனால் எழுதித் தந்தார்கள். இனி எங்கே ஊசி போட்டாலும் பெயரை எழுதி வாங்காமல் நாற்காலியிலிருந்து எழுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

நரம்பியல் மருத்துவர் நாட்குறிப்பைப் பார்த்து டைவால்ப்ரோயெக்ஸைப் படிப்படியாகக் குறைத்தார், இப்போது இல்லை. மே கடைசியில் ஊசி போட்டுக்கொண்டேன். மாத்திரை இல்லாமல் தலைவலி ஓரளவு கூடியிருக்கிறது, முன்பு போல இல்லை. முடி கொட்டுவது ஜூனில் குறைந்தது. வகிட்டோரம் ஒரு அங்குல முடிகள் குத்திட்டு நிற்கின்றன. பின்னலுக்குள் அடங்காமல், எண்ணெய் வைத்தாலும் படியாமல். வட்டத்தில் இன்னும் ஒன்றும் காணோம். நாத்தனார் இப்போது அந்த வட்டத்தைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்: "ஊசிதானே அண்ணி?" என்கிறார். ஊசிதான், ஆனால் அந்த ஊசி இல்லை என்று சொன்னால் சிரிக்கிறார்.

ஐயா, ஒரு சந்தேகம். இரும்பு மாத்திரையைக் காலையில் பள்ளி கிளம்பும் அவசரத்தில் டீயோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது.


பதில்: பழைய மருந்தாளுநர்
2025 ஜூலை 13

டீயோடு வேண்டவே வேண்டாம் அம்மா. டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது, பாலும் அப்படித்தான். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், சேர்வது கொஞ்சம் குறையும், ஆனால் நிறுத்திவிடுவதற்கு அது மேல். எலுமிச்சைச் சாறு கூட இருந்தால் நல்லது. தைராய்டுக்கோ அசிடிட்டிக்கோ வேறு மாத்திரை எடுத்தால் பெயரை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், இரும்புதான்.